சின்ன விரல்களும் சிகரெட் பெட்டியும்

1

குழந்தையால் திறக்க முடியாத சிகரெட் பெட்டி என்றொரு யோசனை மேலை நாடுகளில் நெடுநாளாக உலவி வருகிறது. மூடியை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே மறுபக்கம் இழுக்க வேண்டும். அல்லது இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் விரல் வைத்து அமுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நொடி வேலை, சின்னக் குழந்தைக்கு முடியாத வேலை. இந்த வகை வடிவமைப்புகளுக்குக் காப்புரிமைகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. விஷத்தை விற்பது என்று முடிவு செய்தாகிவிட்டது, அப்புறம் பெட்டிக்குப் பூட்டு என்ன வேண்டிக்கிடக்கு என்று நம் தோழர்கள் கேட்கக்கூடும். இதெல்லாம் முதலாளியத்தின் மனசாட்சிக்குப் போடும் ஒத்தடம் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் கூடும்.

நான் அப்படித் தள்ளிவிடத் தயாராக இல்லை. எந்தப் பெட்டியும் யாரையோ மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது, திறந்தவருக்கு என்ன ஆனாலும் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதன் மடிப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. ரோலண்ட் பார்த் 1957இல் சோப்புத்தூளையும் பொம்மைகளையும் வாசித்தது போல சிகரெட் பெட்டியையும் ஒரு பிரதியாக வாசிக்க முடியும். ஆனால் எங்கிருந்து வாசிக்கிறோம் என்பது முக்கியம். நான் வாசிக்கும் இடம் திருவண்ணாமலை, ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை. அமெரிக்கப் பரிசோதனைக் கூடத்தில் செய்யப்பட்ட பெட்டியை இந்தச் சாலையின் பெட்டிக்கடைப் பலகைமேல் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

முதலில் அந்தப் பெட்டியின் கதை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் விண்ட்ஸர் என்ற ஊரில் ஹென்றி புரோ என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். மாத்திரைகளை மிட்டாய் என்று விழுங்கிவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனவர். அவருடைய முயற்சியில் 1967இல் உள்ளங்கையால் அழுத்தித் திருகும் மூடி வந்தது. அமெரிக்காவில் 1970 டிசம்பர் 30 அன்று விஷத்தடுப்புச் சிப்பச் சட்டம் கையெழுத்தானது. ஆஸ்பிரின் முதலில் அதன்கீழ் வந்தது. அதன் பிறகு மாத்திரை விழுங்கிச் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. பிளாஸ்டிக் மூடி ஒன்று உயிர்களைக் காப்பாற்றியது என்பதை ஒத்தடம் என்று சொல்லி ஒதுக்க முடியாது.

அந்தச் சட்டத்தின் பரிசோதனை முறை கவனிக்கத்தக்கது. 42 முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பெட்டியைக் கையில் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடம். திறக்க முடியவில்லை என்றால் ஒருமுறை திறந்து காட்டுகிறார்கள். பல்லை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு மறுபடி ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். திறந்து காட்டுவதற்கு முன் 85 சதவீதக் குழந்தைகளாலும், காட்டிய பிறகும் 80 சதவீதக் குழந்தைகளாலும் திறக்க முடியாமல் இருந்தால் பெட்டி தேறியது. அதாவது நூற்றுக்கு இருபது குழந்தைகள் திறந்துவிடுவார்கள் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இதில் ஒரு நேர்மை இருக்கிறது. இது குழந்தையை 'எதிர்க்கும்' பெட்டிதான், எந்தக் குழந்தையாலும் திறக்கவே முடியாத பெட்டி அல்ல. பெரியவர் வந்து சேர்வதற்குச் சில நிமிடம் வாங்கித் தருகிறது, அவ்வளவே.

சரி, சிகரெட் இதற்குள் வந்ததா? வரவில்லை. ஒரு சிகரெட்டில் சுமார் பத்து மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. குடித்துப் போட்ட துண்டிலும் மிச்சம் இருக்கிறது. தவழும் குழந்தை அதை எடுத்து மென்றால் வாந்தி, எச்சில் ஒழுகல், மோசமானால் வலிப்பு. பெரும்பாலும் வாந்தி வந்துவிடுவதால் உயிர் தப்பிவிடுகிறது. ஆனால் உடம்பே தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைக் காட்டிப் பொருளுக்கு விலக்கு தர முடியாது. விலக்கு வேறு வழியில் வந்தது. 1972இல் அமெரிக்கா நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 'நுகர்பொருள்' என்பதன் வரையறையிலிருந்தே புகையிலையை எடுத்துவிட்டது. கோடிக்கணக்கானோர் தினமும் நுகரும் பொருள் சட்டத்தின் பார்வையில் நுகர்பொருள் அல்ல! ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றி இருபது முப்பது வருஷமாக இப்பக்கங்களில் பேசிவருகிறோம். அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதன் அபத்தம் பிற்பாடு கூடிக்கொண்டே போனது. 1994இலிருந்து அங்கே சிகரெட் லைட்டர் குழந்தைகள் பற்றவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். 2016இலிருந்து மின்சிகரெட்டுக்கு ஊற்றும் நிகோடின் திரவப் புட்டியின் மூடி குழந்தைகள் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். 2018இல் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபோது, சுருட்டிய கஞ்சாவும் அப்படிப்பட்ட பெட்டியில்தான் வர வேண்டும் என்றது. தீக்கு, திரவ நிகோடினுக்கு, கஞ்சாவுக்கு என எல்லாவற்றுக்கும் பூட்டு இருக்கிறது. நடுவில் சாதாரண சிகரெட் மட்டும் கட்டைவிரலால் தட்டினால் திறந்துகொள்கிறது. தொழில்நுட்பம் தெரியாமல் இப்படி விடப்படவில்லை.

3

இனி செங்கம் சாலைக்கு வருவோம். ஆசிரம வாசலிலிருந்து இரண்டு பக்கமும் நடந்தால் இளநீர், காவி வேட்டி, ருத்திராட்சம், வெளிநாட்டுக்காரர்களுக்கான காபிக்கடை, நடுநடுவே பெட்டிக்கடை. கடையின் முன்பலகையில் மிட்டாய் பாட்டில்கள். அதற்கு மேலே சரம் சரமாகப் பொட்டலங்கள். அதற்குப் பின்னால், வாயைத் திறந்தபடி, சிகரெட் பாக்கெட்டுகள். பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர். முன்பெல்லாம் அந்த இடத்தில் முனை கனியும் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம்தான்.

இங்கே பெரும்பாலோர் பாக்கெட் வாங்குவதில்லை, ஒன்றோ இரண்டோதான் வாங்குகிறார்கள். கூலிக்காரர், ஆட்டோக்காரர், மலை சுற்ற வந்தவர், சாமியார் என யாரானாலும் ஒன்றைக் கேட்பார், கடைக்காரர் உருவிக் கொடுப்பார். பெட்டி கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. பெட்டியின் பூட்டு, பெட்டிமேல் படம், பெட்டிமேல் எச்சரிக்கை என்று சட்டம் பேசுவதெல்லாம் வாங்குபவருக்கு வந்து சேராத ஒரு அட்டையைப் பற்றி. 2009 மே 31 முதல் படத்துடன் கூடிய எச்சரிக்கை வந்தது. 2016 ஏப்ரல் முதல் அது பெட்டியின் இருபுறமும் 85 சதவீதம் ஆனது. நல்ல காரியம்தான். ஆனால் உதிரியாக வாங்குகிறவரின் கைக்கு வருவது அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கும் வெறும் வெள்ளைக் குச்சி. கனடா 2023இல் ஒவ்வொரு சிகரெட்டின்மேலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று விதி செய்தது. உதிரி விற்பனை நம் ஊரைப்போல இல்லாத ஒரு நாடு, உதிரியாக வாங்கும் நமக்கு வேண்டியதைச் செய்துகொண்டது.

உதிரி விற்பனையைத் தடுக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 2004இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவே, சிகரெட்டை ஒற்றையாகவும் சிறு பாக்கெட்டாகவும் விற்பது சிறுவர்களுக்கு அதை எட்டச் செய்கிறது என்கிறது. கர்நாடகம் 2017இலும் மகாராஷ்டிரம் 2020இலும் உதிரி விற்பனைக்குத் தடை போட்டன. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்த மசோதா வரைவிலும் அது இருந்தது. ஆனால் அது சட்டமாகவில்லை.

பூட்டு யாருடைய வயதுக்குச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பரிசோதனைக் குழந்தைக்கு நான்கு வயது. 2019இல் இந்தியாவில் 13-15 வயதுப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. அதைவிட உறைக்கும் எண் ஒன்று உண்டு. சிகரெட் பிடித்த சிறுவர்களில் 38 சதவீதம் பேரும் பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம் பேரும் பத்து வயது முடிவதற்குள் தொடங்கியவர்கள். நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் எந்தப் பெட்டியும் தடுக்காது. ஐந்து வயதுப் பிள்ளை அதைத் திறக்கும். எட்டு வயதுப் பிள்ளையோ பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. அவனைத்தான் நாம் கடைக்கு அனுப்புகிறோமே!

"ண்ணா, அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி."

"உங்கப்பனுக்கா? போன வாரத்துக் காசு எங்கடா?"

கடன் நோட்டில் அப்பா பெயர், கையில் பீடிக்கட்டு, மிச்சச் சில்லறைக்கு ஒரு மிட்டாய். 2003ஆம் வருஷத்துச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது என்கிறது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது. 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம்வரை சிறை என்கிறது. இவ்வளவு கடுமையான சட்டம் இருக்கிற நாட்டில் அந்தப் பையன் குற்றத்தின் சாட்சியாகவோ பலியாகவோ யார் கண்ணிலும் படுவதில்லை. கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிற கால்கள் மட்டும்தான் அவன்.

ஆகவே நம் ஊரில் சிகரெட்டின் உண்மையான உறை எது என்று கேட்டால், பெட்டிக்கடை என்பதுதான் என் பதில். தமிழே அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறது. மிட்டாயும் நெருப்பும் சிகரெட்டும் ஒரே கை நீளத்தில் இருக்கும்படி வடிவமைக்கப்பட்ட பெட்டி அது. குழந்தை திறக்க முடியாத வடிவம் வேண்டுமென்றால் அந்தப் பெட்டியைத்தான் மாற்றியமைக்க வேண்டும்.

4

இங்கேதான் சிக்கல். 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புகையிலை விற்க உரிமம் வேண்டும், உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். குழந்தையையும் சிகரெட்டையும் பிரிக்கும் யோசனை, எனவே சரியான யோசனை. ஆனால் பிரிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? ஆறடிக்கு நாலடிக் கடையில் கணவனை இழந்த ஒரு பெண்ணோ, கால் நடக்க முடியாத ஒருவரோ உட்கார்ந்திருக்கிறார். மிட்டாயை விட்டாலும் பிழைப்பு இல்லை, சிகரெட்டை விட்டாலும் பிழைப்பு இல்லை.

அதே நேரத்தில் மேலே பாருங்கள். கோல்ட் ஃபிளேக், வில்ஸ், சிசர்ஸ் செய்யும் ஐ.டி.சி. நிறுவனம்தான் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டும் கேண்டிமேன் மிட்டாயும் கிளாஸ்மேட் நோட்டும் செய்கிறது. குழந்தையின் பள்ளிக்கூடப் பையும் அப்பாவின் சட்டைப் பையும் ஒரே நிறுவனத்தின் சரக்கால் நிரம்புவதில் சட்டத்துக்கு விரோதம் எதுவும் இல்லை. பலகையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாதவை நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒழுங்குபடுத்தல் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மேல்நோக்கிப் பாய முயன்றால் என்ன ஆகும் என்பதையும் 2015இல் பார்த்தோம். 85 சதவீத எச்சரிக்கையைத் தள்ளிவைக்கச் சொன்னது ஒரு நாடாளுமன்றக் குழு. அதன் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்றார். குழுவின் உறுப்பினர்களில் ஒருவரான சியாம சரண் குப்தா பீடித் தொழிலதிபர். பெட்டியின் அட்டைமேல் சில அங்குல இடத்துக்காக இத்தனை பெரிய சண்டை நடக்கிறதென்றால் பெட்டி வெறும் அட்டை அல்ல என்பது நமக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

5

குழந்தை திறக்கக் கூடாத பெட்டியைப் பற்றிப் பேசும்போது, பெட்டிக்குள் இருப்பதைச் செய்தது யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் வேலூர், குடியாத்தம் பக்கங்கள் பீடிக்குப் பேர்போனவை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996இல் இந்தியாவின் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வட ஆற்காட்டின் பீடித் தொழில் தனியாக விவரிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. 1966ஆம் வருஷத்துப் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தொழிற்கூடத்தில் வைக்கக் கூடாது என்றது. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடியை ஆபத்தான தொழில் பட்டியலில் சேர்த்துவிட்டு, குடும்பத்தின் துணையோடு நடக்கும் தொழிற்கூடத்துக்கு விலக்கும் கொடுத்தது. பீடியோ வீட்டுத் திண்ணையில் சுற்றப்படுவது. முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதை.

பிள்ளைகளுக்கு என்ன வேலை? பெரியவர் இலையை வெட்டித் தூளை வைத்துச் சுற்றிப் போட, முனையை மடித்து மூடுவது பிள்ளை. அடைக்கும் அந்த வேலைக்குச் சின்ன விரல் தோதானது என்று சொல்வார்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பீடி சுற்றுகிறவர்களின் உடம்பில் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் நிகோடின் சேர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பற்றவைக்காமலேயே அந்தப் பிள்ளை புகையிலையை உட்கொள்கிறது.

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அமெரிக்கச் சட்டம் சின்ன விரலின் இயலாமையை அளந்து அதன்மேல் ஒரு மூடியைக் கட்டுகிறது. பீடித் தொழிலோ சின்ன விரலின் திறமையை அளந்து அதன்மேல் ஒரு சந்தையைக் கட்டியது. அங்கே குழந்தையின் விரல் திறக்கக் கூடாதது. இங்கே மூடி வைத்ததே குழந்தையின் விரல். 'குழந்தை' என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருக்கிறது, குறிப்பது ஒரே பிள்ளையை அல்ல. பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தை, பயன்படுத்தத் தக்க குழந்தை என்று இரண்டாகப் பிரித்துத்தான் சட்டமும் சந்தையும் பேசுகின்றன. அந்தப் பிரிவு எந்தச் சாதி, எந்த வர்க்கம், எந்தத் தெரு என்பதையொட்டி ஓடுகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 1990இல் சலம் பென்னூர்கர் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பற்றவைக்கும் குச்சிக்கும் பற்றவைக்கப்படும் குச்சிக்கும் ஒரே கதைதான்.

2025 செப்டம்பரில் பீடிக்கான ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுக்கப்பட்டபோது பீடித் தொழிலாளர் வாழ்வு என்ற பேச்சு மறுபடி வந்தது. வரி குறைந்தால் ஆயிரம் பீடிக்கான கூலி தானாக உயர்ந்துவிடாது. குறைந்த விலையில் எட்டும் பீடி மட்டும் நிச்சயம்.

6

கடைசியாக நம்மைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்ச் சிறுபத்திரிகை உலகம் சிகரெட்டைப் பற்றி விமர்சனபூர்வமாக யோசித்ததே இல்லை. நம்முடைய கூட்டம் என்றால் பாதி அரங்கத்தில், பாதி வெளியே டீக்கடையில். சிந்தனையாளன் என்ற படிமத்தின் விரலிடுக்கில் ஒரு சார்மினாரைச் செருகியே வைத்திருந்தோம். சுதந்திர மனிதன், கலகக்காரன், ஒழுக்கவாதத்துக்கு எதிரானவன் என்பதற்கெல்லாம் அது ஒரு குறியாக இருந்தது. புகையிலை எதிர்ப்பு என்றால் காந்தியவாதிகளின் வேலை, மதுவிலக்குப் பிரசங்கம் என்று ஒதுக்கினோம். அந்தக் குறியை நமக்குக் கொடுத்தது கலகம் அல்ல, விளம்பரம் என்று யாரும் கட்டுடைக்கவில்லை.

பிள்ளைகள் நமக்கு முன்பே வேறு மாதிரி வாசித்தார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் காலி சிகரெட் பெட்டியைப் பொறுக்கி, முன்னட்டையையும் பின்னட்டையையும் கிழித்து, பணம் வைத்து ஆடுவதுபோல் அதை வைத்து ஆடுவோம். எளிதில் கிடைக்கும் அட்டைக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாகக் கிடைக்கும் அட்டைக்கு மதிப்பு அதிகம். கணக்கு ஊருக்கு ஊர் மாறும். சிகரெட் மிட்டாயை வாயில் வைத்துப் புகை விட்டதும் அந்தக் காலம்தான். எந்த விளம்பர நிறுவனமும் சொல்லிக் கொடுக்காமலேயே ஒவ்வொரு மார்க்கின் தரவரிசையும் எங்களுக்கு மனப்பாடம். பெட்டி பெரியவருக்குக் குப்பையான அந்த நொடியில் குழந்தையின் கைக்கு வந்தது. பூட்டு எதுவும் அந்த நொடியைத் தடுத்திருக்காது. மார்க்கும் நிறமும் இல்லாத ஒரே மாதிரிப் பெட்டியை 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா கொண்டுவந்தது. அந்த அட்டையை வைத்து எந்தப் பிள்ளையும் ஆட முடியாது. பூட்டைவிட அது நல்ல வடிவமைப்பு என்று நினைக்கிறேன்.

ஆகவே குழந்தை திறக்க முடியாத பெட்டியை எதிர்ப்பது என் நோக்கமல்ல. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது தேவை. ஆனால் அது மட்டும் வந்தால், நாளை ஒரு குழந்தை சிகரெட்டை மென்றது என்றால், 'பெட்டியைச் சரியாக மூடவில்லையா?' என்ற கேள்வி தாயிடம் கேட்கப்படும். செய்தவரிடம் கேட்கப்படாது. பூட்டு என்பது பாதுகாப்பு மட்டுமல்ல, பொறுப்பைக் கைமாற்றும் கருவியும்கூட.

நாம் கேட்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். உதிரி விற்பனை நிற்க வேண்டும். அதனால் பெட்டிக்கடைக்காரருக்கு ஏற்படும் இழப்பைப் புகையிலை வரியிலிருந்து ஈடுகட்ட வேண்டும், வழக்குப் போட்டு அல்ல. அதுவரை ஒவ்வொரு குச்சியின்மேலும் எச்சரிக்கை வேண்டும். சிகரெட் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், மூடிய அலமாரியில் இருக்க வேண்டும். ஐஸ்லாந்து 2001இலேயே கடையில் காட்சிக்கு வைப்பதைத் தடுத்தது. மிட்டாயையும் சிகரெட்டையும் பிரிப்பது என்றால் தொழிற்சாலையிலிருந்து பிரிக்கத் தொடங்க வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் கைக்கு வந்த பிறகுதான் பீடியைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும். ஆனால் பேசாமல் இருந்துவிடக் கூடாது.

இதில் அரசுக்கோ சட்டத்துக்கோ காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையைப் பீடி வாங்கிவரக் கடைக்கு அனுப்பாதீர்கள். வேண்டுமென்றால் நீங்களே எழுந்து போங்கள்.